சனிக்கிழமை ஆங்கிலம்

ஜனவரி 10, சனி

புது வருடத்தில் குழு மறுபடி கூடியது. பாடம் கிடையாது, புத்தகம் கிடையாது, வட்டமாக நாற்காலி போட்டு ஒன்றரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுவது மட்டும்தான் என்று சொல்லித்தான் எல்லோரையும் சேர்க்கிறேன். ஆனாலும் புதிதாக வருகிறவர் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காருவார். இன்றைக்கும் இரண்டு பேர் அப்படி.

அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வதை நிறுத்திவிட்டேன். சொன்னால் இன்டர்வியூவுக்கு மனப்பாடம் செய்ததுதான் வரும். 'மைசெல்ஃப்' என்று தொடங்கி படிப்பு, குடும்பம், பொழுதுபோக்கு எல்லாம் மூச்சு விடாமல் ஓடி முடிந்து, அடுத்ததாக ஒரு சாதாரணக் கேள்வி கேட்டால் ஆள் அப்படியே நின்றுவிடுவார். அதற்குப் பதிலாக, பக்கத்தில் இருப்பவரிடம் இந்த வாரம் எதற்குக் கோபம் வந்தது என்று கேட்டு, அதை மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னேன். கோபத்தை யாரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. மேலதிகாரி, மேல்மாடிக்காரர் விடும் சத்தம், சார்ஜர் எடுத்துப் போகும் தம்பி என்று ஒரு சுற்று நன்றாகவே போனது.

ஜனவரி 17, சனி

நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் குழுவுக்குப் பலம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நடத்திப் பார்த்தால்தான் தெரியும். நம் குழுவில் ஒரு சார் இருக்கிறார், நல்ல மனிதர், நல்ல ஆங்கிலம், யாராவது ஒரு சொல்லுக்காகத் தடுமாறினால் அடுத்த நொடியே அதை எடுத்துக் கொடுத்து, வாக்கியத்தையும் அவரே முடித்து, அப்படியே தன் கதைக்குப் போய்விடுவார். உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். எதிரில் இருப்பவர் தலையாட்டிக்கொண்டே அன்றைய பொழுதைக் கழித்துவிடுவார்.

அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்பவர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான் என்று கண்டார். அதையே மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அதுவும் தாய்மொழியிலேயே பாடம் கேட்கிற பிள்ளைகள். தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் அடுக்கி, கடைசியில் வாயால் சொல்ல வேண்டியவருக்கு மூன்று விநாடி எந்த மூலைக்கு?

ஜன்னலோரம் உட்காரும் அக்காவிடம் இன்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். அவர் துப்பட்டா நுனியைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டி, எட்டிலோ ஒன்பதிலோ, "மை டாட்டர் நாட் டாக்கிங் டு மீ சின்ஸ் மண்டே" என்றார். அந்த இடைவெளியில் சார் இரண்டு முறை வாயெடுத்தார், கையைக் காட்டி நிறுத்த வேண்டியிருந்தது. அப்புறம் அக்கா விடாமல் பேசினார், மகள் கதை முழுக்க வந்தது, அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். தப்பாகப் பேசினால் அந்த இடத்திலேயே திருத்தாமல் விட்டால் தப்பே பழகிவிடாதா, நீங்கள் ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று. நியாயமான கேள்விதான், பாதிப் பேருக்கு இதே மனக்குறை இருக்கும்.

கனடாவில் பிரெஞ்சு தாய்மொழியாக இல்லாமல் பிரெஞ்சு வழியில் படிக்கும் பிள்ளைகளின் வகுப்புகளை ராய் லிஸ்டர், லைலா ரான்டா என்ற இருவர் கவனித்து 1997-ல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் பேர்போனது. பிள்ளை தப்பாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாரே, அந்தத் திருத்தம்தான் வகுப்பில் அதிகம் நடக்கிறது, பிள்ளைகள் காதில் ஏறுவது அதில்தான் குறைவு. ஆசிரியர் நாம் சொன்னதை ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். "என்ன சொன்னாய், இன்னொரு தரம் சொல்" என்று அவர்களையே சரிசெய்ய வைத்தால் பலன் அதிகம்.

அதனால் நம் ஏற்பாடு இதுதான் என்று பதில் போட்டேன்: பேசும்போது குறுக்கிடமாட்டேன், புரியாவிட்டால் மட்டும் புரியவில்லை என்று சொல்வேன். காதில் விழுந்ததைத் தாளில் குறித்துக்கொண்டு கடைசிப் பத்து நிமிடத்தில் யார் சொன்னது என்று காட்டாமல் பலகையில் எழுதுவேன், நீங்களே திருத்துங்கள். "என்னுடையதை மட்டும் கண்டுபிடித்துச் சிவந்து போகிறேன்" என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். போகட்டும், ஞாபகம் இருக்கும்.

ஜனவரி 31, சனி

போன வாரம் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இன்றைக்கு நிறைய இருக்கிறது.

'சோஷியல் மீடியா நல்லதா கெட்டதா' மாதிரித் தலைப்புகளை ஒழித்துக் கட்டிவிட்டு, ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். உங்களுக்குக் கைவந்த ஏதாவது ஒன்றை, அது தெரியாத ஒருவருக்கு விளக்க வேண்டும், கேட்பவர் சும்மா தலையாட்டக் கூடாது. பிளம்பர் தம்பி, வழக்கமாக 'எஸ்', 'நோ', 'சேம் சேம்' என்பதோடு முடித்துக்கொள்பவர், சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவதை எடுத்தார். எதிரில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் பெண்மணி.

"ஃபர்ஸ்ட், மெயின் வாட்டர் க்ளோஸ்."

"வொய்?"

"நோ க்ளோஸ், யூ பாத்."

எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். அப்புறம் கைப்பிடியைக் கழற்றினார், உள்ளே நீளமாக இருக்கும் உறுப்புக்கு ஆங்கிலம் வரவில்லை. சார் வாயைத் திறக்கும் முன் முறைத்தேன். தம்பி ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, மறு கையால் அதைத் திருகிக் காட்டி, "திஸ் ரொட்டேட், அப் டவுன், அப் டவுன். அண்டர் திஸ், ரவுண்ட் ரப்பர். ரப்பர் ஓல்ட், வாட்டர் கம்" என்றார். பெண்மணிக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது, அவர் வீட்டுக் குழாயும் சொட்டுகிறதாம். "ஸோ, வென் த ரப்பர் கெட்ஸ் ஓல்ட், த வாட்டர் லீக்ஸ்?" என்று கேட்டார். "எஸ், லீக்ஸ்! ரப்பர் கெட்ஸ் ஓல்ட், வாட்டர் லீக்ஸ்!"

இருபதாம் தேதி நான் எழுதியதற்கு நேர்மாறாக, திருப்பிச் சொன்னது இங்கே கப்பென்று பிடித்துக்கொண்டது. காரணம், அந்த நொடியில் தம்பிக்கு அது தேவைப்பட்டது, தேடிக்கொண்டிருந்தார். கனடாவின் மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985-லிருந்து சொல்லிவந்ததும் ஏறக்குறைய இதுதான். வருடக்கணக்காகப் பிரெஞ்சில் பாடம் கேட்டும் பிள்ளைகள் பேசும்போது ஏன் இடறுகிறார்கள் என்று யோசித்தவர், கேட்பது மட்டும் போதாது, பேச முயன்று மாட்டிக்கொள்ளும்போதுதான் தன்னிடம் எது இல்லை என்பது கண்ணில் படுகிறது என்றார்.

சூடு ஆறுவதற்குள் அடுத்ததையும் செய்தோம். அதே விளக்கத்தை ஆளை மாற்றி மாற்றி, முதலில் நாலு நிமிடம், அடுத்து மூன்று, கடைசியில் இரண்டு. கீத் மாரிஸ் 1983-ல் எழுதிய முறை, மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரவலாக்கியது. மூன்றாவது ஆளிடம் தம்பி வாஷர் மாற்றுவதை விளக்கியதைக் கேட்டிருக்க வேண்டும், கை அசைவே பாதியாகக் குறைந்திருந்தது.

பிப்ரவரி 7, சனி

ஐஈஎல்டிஎஸ் (IELTS) ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிற பையன் ஒருவன் வந்தான். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், நடுவில் ஒரு அட்டை கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை. அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யலாமா என்றான். தேர்வு நெருங்குகிற அவசரம் புரிகிறது, ஒரு சுற்று அப்படியே நடத்தினோம், மற்றவர்களுக்கும் பிடித்தது. ஆனால் அவன் கவலை முழுக்க உச்சரிப்பு, வெள்ளைக்காரர் மாதிரி வர வேண்டுமாம். மதிப்பெண் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்குக்கும் சமமாகப் போகிறது, உச்சரிப்பிலும் கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் முக்கியம். அவன் பேச்சில் எனக்குப் புரியாமல் போன ஒரே இடம், எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் கடகடவென்று சொன்ன இடம். 'டெவலப்மென்ட்'டில் 'வெ'யை அழுத்து, மற்றதை விடு என்றேன். உதட்டைச் சுழித்து 'ஆர்' சொல்லிப் பழகுவதை நிறுத்தச் சொன்னேன், கேட்பான் என்று தோன்றவில்லை.

பிப்ரவரி 21, சனி

இன்று தமிழ் பற்றிச் சண்டை. ஒரு வார்த்தை தமிழ் பேசினாலும் அபராதம் போட வேண்டும் என்று சார் தரப்பு. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அபராதம் போட்டால் தமிழ் குறையாது, பேச்சே குறையும், அதுவும் யாருடைய பேச்சு என்பது தெரிந்ததுதான். முட்டிக்கொண்டால் தமிழில் கேட்டுக்கொள், கேட்டதை வைத்து ஆங்கிலத்தில் வாக்கியத்தை முடி, இவ்வளவுதான் விதி. ஜன்னலோர அக்கா, "ஃபைன் மீன்ஸ் ஐ ஸ்டாப் கமிங்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். விவாதம் அதோடு முடிந்தது.

பிப்ரவரி 28, சனி

சாருக்கு ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டேன். ஸ்டாப்வாட்ச் அவர் கையில். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று குறித்து, கடைசியில் அறிவிக்க வேண்டும், தன்னுடையதையும் சேர்த்து. முதல் சுற்றிலேயே தன் பெயருக்கு நேரே இருந்த நிமிடங்களைப் பார்த்து, "திஸ் இஸ் ராங், தி மெஷின் இஸ் ராங்" என்றார். இரண்டாவது சுற்றில் மற்றவர்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார், கேட்டுவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்த சனி நான் ஊரில் இல்லை, பிளம்பர் தம்பியும் கணக்குப் பெண்மணியும் சேர்ந்து நடத்துகிறார்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பெண்மணி வரி கணக்குத் தாக்கல் செய்வதை விளக்க வேண்டும் என்கிறார், தம்பியோ யாராவது வீட்டில் உடைந்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவரட்டும் என்கிறார். உடைந்த பொருளுக்கு ஓட்டு அதிகம். குழுவில் அறிவிப்பும் போட்டாகிவிட்டது, பெரிய ஃபேனைத் தூக்கிக்கொண்டு யாரும் வர வேண்டாம் என்ற குறிப்போடு.