மந்திரவாதிக்குச் சரக்குத் தேடுபவள்

நான் எழுதும் மாயக்கதையின் நாயகி மந்திரவாதி இல்லை. அவனுக்கு மந்திரத்துக்கு வேண்டிய சரக்குத் தேடிக் கொடுப்பவள். பேர் அவனுக்கு, காலில் முள் இவளுக்கு. அவள் அலையும் காடு எங்கள் முல்லைத்தீவுக் காடுதான்: பாலை, வீரை, முதிரை, கருங்காலி.

அவள் தொழிலுக்கு விதிகள் தேடி அதிகம் அலையவில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். எண்ணெய் இல்லை, உப்புத்தண்ணீர்! சிலாவத்தைக் கடலில் அந்த நீரை எடுத்து வருவதே தனிச் சடங்கு. எடுக்கும் முறை பிழைத்தால் சரக்கு பலிக்காது என்ற என் முதல் விதி அங்கிருந்து வந்தது. மூலிகைக்குக் காப்பு நூல் கட்டி, அதன் சாபம் நீங்கச் சாபநிவர்த்தி மந்திரம் சொல்லிப் பிடுங்குவது இரண்டாவது. "கேக்காமப் பிடுங்காத பிள்ளை" என்பா அம்மம்மா.

மூன்றாவது விதி புத்தகத்தில் கிடைக்காது. மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை நின்ற பக்கம் விறகுக்கும் போகாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். கதையில் அதை மந்திரவேலி ஆக்கிவிட்டேன். சரி, எங்கட ஆட்களுக்கு விளங்கும்.

கூலியை மட்டும் இப்போதைக்கு நெல்லாக வைத்திருக்கிறேன். காசென்றால் மந்திரவாதி கடன் சொல்லிவிடுவான்.