கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

நூலகப் பணிக்குப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நூல் பகுப்பு தெரியும், பட்டியலாக்கம் தெரியும். கவுன்ட்டரில் வந்து நிற்பவரிடம் எப்படிப் பேசுவது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. பொது நூலகத்தில் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. ஊழியர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அப்படித்தான் வாசகரிடமும் பேசுகிறார்கள்.

நான் இருந்த ஒரு நூலகத்தில், எதுவானாலும் வாசகர்கள் வரிசையில் நிற்கும்போதே உதவியாளர்களைக் கடிந்துகொள்வார் எங்கள் மேலதிகாரி. ஒருநாள் அப்படித் திட்டு வாங்கிய அக்கா, அடுத்து நின்ற கல்லூரிப் பெண்ணிடம், "கார்டு எங்கே? கார்டு இல்லாம எதுக்கு வர்றீங்க?" என்று சீறினார். அந்தப் பெண் கார்டைக் கையில்தான் பிடித்திருந்தாள். அக்கா சுபாவத்தில் தங்கமானவர். கோபம் இறங்க ஓர் இடம் தேடியது, அவ்வளவுதான்.

பிறகு வந்த அலுவலர், குறை சொல்ல வேண்டுமென்றால் புத்தக இருப்பறைக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்வார். "என்ன நடந்துச்சு, நீங்க சொல்லுங்க" என்று முதலில் கேட்பார். தினக்கூலியில் இருந்தவர்களையும் 'வாங்க, போங்க' என்றே அழைத்தார். யாருக்கும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. ஆனாலும் சில மாதங்களில் கவுன்ட்டரில் சத்தம் குறைந்துவிட்டது.

இன்னொரு சிக்கல், காலைப் பணியும் மாலைப் பணியும் மாறுகிற நேரம். காலையில் இருந்தவர் ஒரு வாசகரிடம் "தாமதக் கட்டணத்தை அடுத்த தடவை கட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். மாலையில் இருப்பவருக்கு அது தெரியாது. "அப்படியெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்பார். வாசகர் பொய்யராகிவிடுவார், சண்டை வரும். இதற்கு ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டு போதுமானதாக இருந்தது. யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், எந்தப் புத்தகத்தை யார் கேட்டு எடுத்து வைத்திருக்கிறோம் என்று அதில் எழுதினோம். எழுதினால் மட்டும் போதாது, கிளம்பும்முன் வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம்.

வாசகரிடம் பேசுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. இன்னொரு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். பெரியவர் ஒருவர் "சட்டப் புத்தகம் இருக்கா தம்பி?" என்று வந்தார். "கடைசி அடுக்கு" என்று கை காட்டினார் ஒருவர். பெரியவர் அங்கே போய்த் தடித்தடியான புத்தகங்களைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த பெண் ஊழியர், "எந்த விஷயமாப் பார்க்கறீங்க அய்யா?" என்று கேட்டார். அப்பா இறந்துவிட்டார், பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. மாற்ற வேண்டும். விஷயம் இவ்வளவுதான். வாரிசுச் சான்று முதலில் வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி, எளிய தமிழில் இருந்த ஒரு கையேட்டையும் எடுத்துக்கொடுத்தார். கை காட்டியவரும் நல்ல ஊழியர்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். வந்தவரின் தேவை அதற்குப் பின்னால் இருந்தது.

இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அடுக்குகளை ஒழுங்காக வைப்பதற்கான விதியாகவே பலரும் அதை நினைக்கிறோம். அந்தப் பெரியவரின் அரை நாளை மிச்சப்படுத்தியது அந்த ஒரு கேள்வி. "இலவச சேவைதானே" என்கிற அலட்சியம் சிலரிடம் உண்டு. அதையும் நான் ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் சொத்து வரி ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேருகிறது. வந்து நிற்பவர் சும்மா வரவில்லை.

புத்தகங்களை அடுக்குகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தப் புத்தகம் கிழிந்துபோகும் அளவுக்குச் சுற்றுகிறது, எது தூசியோடு கிடக்கிறது, போட்டித் தேர்வுப் பிள்ளைகள் எதைத் தேடி ஏமாந்து போகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். புத்தகத் தேர்வு பற்றிய பேச்சில் அவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை.

ஊர்ப்புற நூலகங்களின் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் ஒரே ஆள். கலந்து பேச எதிரில் யாரும் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் வருவதெல்லாம் சுற்றறிக்கை, புள்ளிவிவரம், அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. மாவட்டக் கூட்டங்களில் உறுப்பினர் எண்ணிக்கை, நன்கொடை தரும் புரவலர் எண்ணிக்கை எல்லாம் முடிந்த பிறகு, "உங்க ஊர்ல இந்த மாசம் யார் என்ன கேட்டு வந்தாங்க?" என்று அவர்களிடம் ஒரு சுற்று கேட்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருகிறேன். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.