பதினோராம் பெட்

செப்டம்பர் 29, 2025, திங்கள்

இன்று இரண்டு பைபாஸ். இரண்டாவது காசிமேட்டுப் பெரியவர் ஒருவருக்கு. இதயத்தில் வைத்துத் தைக்க அவர் காலிலிருந்து வெயின் (ரத்தக்குழாய்) எடுத்தது நான். கணுக்கால் எலும்புக்கு முன்னால் கீறி மேலே போனேன். கிளைகள் அதிகம், ஒவ்வொன்றுக்கும் கிளிப். வெளியே எடுத்து ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கலந்த சலைனை உள்ளே விட்டுப் பார்த்ததில் ஒரே இடத்தில் ஊசிமுனை அளவு கசிவு. தைத்தேன். கணுக்கால் பக்கத்து முனையில் அடையாளம் வைத்தேன். வெயினுக்குள் ஒரே பக்கம் திறக்கும் வால்வுகள் இருப்பதால் அதைத் திருப்பித்தான் இதயத்தில் வைக்க வேண்டும், திசை மாறினால் ரத்தம் போகாது. சீஃப் சர்ஜன் கையில் கொடுக்கும்போது அந்த முனையைத் தொட்டுக் காட்டினேன். "சரிம்மா" என்றார்.

செப்டம்பர் 30

பெரியவருக்கு மூச்சு டியூப் எடுத்தாயிற்று. தண்ணீர் கேட்கிறார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தியேட்டரில் ஹார்ட் லங் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரியும் சுண்டலும் கையில் வாங்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். காசிமேட்டுப் பெரியவரைப் பதினோராம் பெட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

"நெஞ்சு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. கால்தான் பேஜாரா கீது."

பைபாஸ் முடிந்த பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் "டாக்டரம்மா" என்றதும் எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்வேன். டாக்டர் இல்லை என்றால் நர்ஸா என்பார்கள். அதுவும் இல்லை, பி.ஏ. (பிசிஷியன் அசிஸ்டென்ட், டாக்டர் மேற்பார்வையில் வேலை செய்பவள்) என்றால், பெரிய டாக்டரோட பி.ஏ.வா என்பார்கள். அதற்குள் அடுத்த பெட்டில் கூப்பிடுவார்கள். இன்றும் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 2

லீவு. அம்மா போனில் பெரியம்மாவிடம், "டாக்டர் மாதிரிதான் அக்கா." மாதிரி.

அக்டோபர் 3, வெள்ளி

கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், மற்ற காலைவிட மூன்று சென்டிமீட்டர் அதிகம். வெயின் எடுத்த கால் வீங்குவது வழக்கம்தான். ஆனால் அழுத்தியதும் முகத்தைச் சுளித்தார்.

அந்த இங்கிலாந்துப் பெண் ஞாபகம் வந்துவிட்டாள். 2022, முப்பது வயது. கெண்டைக்கால் வலி, மூச்சு வாங்குகிறது என்று இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் பார்த்தது எங்களைப் போன்ற ஒருவர். தன்னைப் பார்த்தது டாக்டர் என்றே அவள் நினைத்திருந்தாள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் இறந்துபோனாள். அதைப் படித்த நாளிலிருந்து வீங்கிய கால் எதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். எமர்ஜென்சியில் இருந்தார், நாற்பது நிமிடம் எடுக்கவில்லை. காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க டாப்ளர் ஸ்கேன் வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்லை. அது சரியான விதி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த நாற்பது நிமிடம் யாருடையது? ஒரு வார்டுக்கு ஒரு டாக்டராவது இருக்க வேண்டாமா? ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போய் ஆக்சிஜன் அளவைப் பார்த்தேன். 97. 97. 96. 97. பெரியவர், "என்னம்மா, இன்னிக்கு என்மேல இவ்ளோ பாசம்?" என்றார்.

டாக்டர் வந்தார், பார்த்தார், உடனே எழுதினார். ஸ்கேன் முடிய ராத்திரி ஏழரை.

அக்டோபர் 4

ரத்தக்கட்டி இல்லை. வெறும் வீக்கம். காலைத் தூக்கி வைக்கச் சொன்னார்கள். கேன்டீனில் இரண்டு காபி குடித்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

எங்கள் வேலையின் பெயர். மறுபடியும் அதுதான். அமெரிக்காவில் 2021ல் பி.ஏ.க்களின் சங்கம் 'அசிஸ்டென்ட்' வேண்டாம், 'அசோசியேட்' என்று மாற்றியது. இங்கிலாந்தில் இந்த ஜூலையில் எங்கள் வேலையைப் பற்றி வந்த லெங் அறிக்கை, 'அசோசியேட்' மக்களைக் குழப்புகிறது, 'அசிஸ்டென்ட்' என்றே வையுங்கள், உடையும் அடையாள அட்டையும் டாக்டரிலிருந்து வேறாகத் தெரியட்டும் என்கிறது. டாக்டர், நர்ஸ் அல்லாத மருத்துவப் பணிகளுக்கான நம்முடைய 2021 சட்டத்தின் அட்டவணையில் அசோசியேட். என் பட்டத்தில் அசிஸ்டென்ட். என் அட்டையில் பி.ஏ. என்று இரண்டே எழுத்து.

இந்தியாவில் இந்தப் படிப்பே இந்தச் சென்னையில்தான் ஆரம்பித்தது. 1992, டாக்டர் கே.எம். செரியன். 1975ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நாட்டின் முதல் பைபாஸ் செய்தவரும் அவரே. இந்த ஜனவரியில் அவர் போய்விட்டார். முப்பத்து மூன்று வருஷம் ஆகியும், நான்கு வருஷம் படித்த எனக்கு இன்னும் பெட் பக்கத்தில் நின்று ஒரே வரியில் சொல்ல ஒரு தமிழ்ச் சொல் இல்லை. எனக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கவில்லை. தன் காலைத் தொடுவது யார் என்று அந்த மனிதருக்குத் தெரிய வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

சொல்லிவிட்டேன். டிரெஸ்ஸிங் மாற்றும்போது. "ஐயா, நான் டாக்டர் இல்லை. டாக்டர் பார்வையில வேலை செய்றவ. நெஞ்சுல ஆபரேஷன் பண்ணது பெரிய டாக்டர். உங்க கால்ல இருந்து நரம்பு எடுத்துத் தச்சது நான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. மகள் என்னையே பார்த்தாள். டிரெஸ்ஸிங்கை ஏன் முதலில் முடித்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். பெரியவர் எக்கிக் காலைப் பார்த்தார். கணுக்காலிலிருந்து ஒவ்வொரு தையலாக, வலையில் கிழிசல் தேடுகிற மாதிரி.

"இங்க மட்டும் ஏன் எட்ட எட்ட போட்டுகீற?"

அங்கே தோல் மெலிசு, சர்க்கரை வேறு, இழுத்தால் கிழியும் என்றேன். தலையாட்டினார். மகள்தான் அப்புறம் கேட்டாள், இனி சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று. என்னைக் கேளுங்கள், எனக்குத் தெரியாததை டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 7

காப்பீட்டு அனுமதி நான்கு மணிக்கு வந்தது. டிஸ்சார்ஜ். தையல் பிரிக்கத் திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

அக்டோபர் 10

எட்டாம் பெட்டில் புது கேஸ். சொன்னேன். "ஓ, நர்ஸா" என்றார். மறுபடி சொன்னேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஐந்து மணிவரை ஓ.பி.யில் இருந்தேன். வரவில்லை. மகள் நம்பர் சுவிட்ச் ஆஃப்.

அக்டோபர் 14

இன்னும் சுவிட்ச் ஆஃப். கேஸ் ஷீட்டில் இன்னொரு நம்பர் இருக்கிறது, ஒரு இலக்கம் குறைகிறது.