தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றி தீசிஸ் செய்பவர்களுக்கு

சமூக மருத்துவம், உணவியல், நர்சிங் என்று எந்தத் துறையில் முதுநிலை படித்தாலும் ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருவர் இந்தத் தலைப்பை எடுக்கிறார்: தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் உணவும் வளர்ச்சியும் படிப்பும். ஒரு எடை மெஷின், ஒரு உயரமானி, நாலு பக்கம் கேள்வித்தாள், முடிந்தது வேலை என்று தோன்றும். வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வது புள்ளியியலில் அல்ல. "பிறந்த தேதியை எதைப் பார்த்து எழுதினீர்கள்?", "அந்தக் கிண்ணத்தில் எத்தனை கிராம் சாதம் பிடிக்கும்?" என்ற கேள்விகளில்தான். கணக்கைப் பத்து முறை திருப்பிப் போடலாம். தப்பாக அளந்த உயரத்தை, பள்ளி முடிந்து போன பிறகு திருத்த வழியில்லை. அதனால் இங்கே பெரும்பகுதி அளவெடுப்பு பற்றியே.

முதலில் கேள்வி. "காலை உணவுத் திட்டத்தின் தாக்கம்" என்று தலைப்பு வைக்க எல்லோருக்கும் ஆசை. திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இப்போது சாப்பிடாத அரசுப் பள்ளி என்று ஒப்பிட ஒன்று கிடையாது. தனியார் பள்ளியோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது வீட்டு வருமானத்தை, உப்புமாவை அல்ல. ஒரே முறை போய் அளந்து வரும் குறுக்குவெட்டு ஆய்வில் "தாக்கம்" என்ற சொல்லுக்கே இடமில்லை. அதற்குப் பதில், "3 முதல் 5 வகுப்புக் குழந்தைக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஆற்றல், புரதம், இரும்பில் பள்ளியின் இரண்டு வேளை உணவு எவ்வளவு பங்கு?" என்று கேட்டால் ஆறு மாதத்தில் பதில் சொல்லிவிடலாம். யாருக்கும் பயன்படும் பதிலும் கூட.

மாதிரி அளவு

சினாப்சிஸ் (தொடங்கும் முன் கொடுக்கும் ஆய்வுத் திட்டம்) திரும்பி வருவதற்கு முதல் காரணம் இதுதான். முதல் தவறு, எந்த விழுக்காட்டை எடுப்பது என்பதில். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரமின்மை 25 சதவீதம் என்கிறது. ஆனால் அது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைப் போடக் கூடாது. 5 முதல் 9 வயதுக்கு 2016–18 தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு இருக்கிறது. இந்திய அளவில் மெலிவு (உயரத்தோடு பார்த்தால் வயதுக்கு எடை போதாதது) 23 சதவீதம், உயரக்குறைவு 22 சதவீதம்.

மெலிவு 23 சதவீதம் என்று எடுத்து, இரண்டு பக்கமும் 5 சதவீதப் புள்ளி துல்லியம் வைத்தால் 273 குழந்தைகள் வரும். இங்கே "5 சதவீதம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 23-இல் 5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் அதே சூத்திரம் ஐயாயிரத்துக்கு மேல் கேட்கும். புரதம், இரும்பு போன்ற சராசரிகளுக்குத் தனிச் சூத்திரம் உண்டு. இரண்டையும் போட்டுப் பார்த்துப் பெரியதை எடுங்கள். பள்ளி பள்ளியாகப் போவதால், ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதை ஈடுகட்ட, வடிவமைப்பு விளைவு 1.5 என்று பெருக்கினால் 410. பத்து சதவீதம் பேர் விடுபடுவார்கள் என்றால் 410-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 456. பலரும் 1.1-ஆல் பெருக்கி 451 என்று எழுதுகிறார்கள். அதில் பத்து சதவீதம் போனால் 406தான் மிஞ்சும், தேவையான 410 இல்லை. 30 பள்ளி, பள்ளிக்கு 16 பேர் என்று வைத்தால் 480, போதும். அந்த 1.5 எங்கிருந்து வந்தது என்று கைடு கேட்பார். ஒரே பள்ளிக் குழந்தைகளுக்குள் உள்ள ஒற்றுமைக் கெழு 0.03 என்று கொண்டால் 1 + 15 × 0.03 = 1.45, ஏறத்தாழ 1.5 (15 என்பது பள்ளிக்கு 16 பேரில் ஒன்று குறைத்தது). இதைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

பள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பள்ளிவாரியாக 3, 4, 5 வகுப்பு மாணவர் எண்ணிக்கை வாங்குங்கள். வரிசையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தம் 6,240 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 30-ஆல் வகுத்தால் 208. 1-க்கும் 208-க்கும் நடுவில் குலுக்கலில் 131 விழுந்தால் 131, 339, 547 என்று எந்தப் பள்ளியின் கூட்டலுக்குள் விழுகிறதோ அந்தப் பள்ளி. நம் ஊர்களில் மூன்று வகுப்பும் சேர்த்தே 12 பிள்ளைகள் இருக்கும் பள்ளிகள் நிறைய. அப்படிப்பட்டதைப் பட்டியலில் அடுத்துள்ள பள்ளியோடு குலுக்கலுக்கு முன்பே இணைத்துவிடுங்கள். களத்தில் நின்றுகொண்டு இணைத்தால் அது தேர்வு அல்ல, வசதி. பள்ளிக்குள் வருகைப் பதிவேட்டை வாங்கி எண் போட்டுத் தேர்ந்தெடுங்கள். "டீச்சர், பதினாறு பேரை அனுப்புங்க" என்றால் தலை வாரி, துடிப்பாகப் பேசும் முன்வரிசைப் பிள்ளைகள்தான் வருவார்கள்.

அனுமதிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்திக்ஸ் கமிட்டி கல்வித்துறைக் கடிதம் கேட்கும், முதன்மைக் கல்வி அலுவலகம் எத்திக்ஸ் கடிதம் கேட்கும். இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில் மனு கொடுத்து, ஒன்றின் ஒப்புகை நகலை மற்றதில் இணையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழி இசைவும் வேண்டும். பெற்றோர் படிவத்தை வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுங்கள். சனி ஞாயிறில்தான் அப்பா வீட்டில் இருப்பார்.

வயது, உயரம், எடை

உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அளவுகோலில் 114 செ.மீ. உயரமுள்ள ஒரு பையன் ஏழு வயது என்றால் இயல்பு எல்லைக்குள் இருக்கிறான், எட்டு வயது என்றால் உயரக்குறைவு. ஒரு வயது தவறினால் இசட் ஸ்கோர் (அந்த வயதின் நடு அளவிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்ற எண்) ஏறத்தாழ ஒன்று நகர்கிறது. பள்ளிப் பதிவேட்டில் மே, ஜூன் பிறந்தநாட்கள் கும்பலாக இருந்தால் அது சேர்க்கைக்காக எழுதிய தேதியாக இருக்கலாம். பிறப்புச் சான்றிதழோ தடுப்பூசி அட்டையோ பாருங்கள். எதைப் பார்த்தீர்கள் என்று புரோஃபார்மாவில் (தகவல் படிவத்தில்) ஒரு கட்டம் வையுங்கள்.

எக்செல்லில் தேதி பதிவது இன்னொரு பள்ளம். கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/08/2016 என்பது மே 8 ஆகிவிடும், 15/08/2016 வெறும் எழுத்தாக நிற்கும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று தனி நெடுவரிசையாகப் பதிவது பாதுகாப்பு.

உயரமானியை வைக்கும் தரையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வராண்டாக்கள் மழைநீர் ஓடுவதற்காகச் சரிவாகவே போடப்பட்டிருக்கும். ரெட்டை ஜடையை உச்சியில் மடித்துக் கட்டியிருந்தால் ரிப்பனை அவிழ்க்க வேண்டும். பெண் பிள்ளைகளின் உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடித் தெரிவதற்கு இதுவே போதும். குதிகால், புட்டம், முதுகு மூன்றும் பலகையில் பட, கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துளையின் மேல்விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு முறை அளந்து, 0.5 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறை. எடையை மதிய உணவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பெல்ட், அடையாள அட்டை, பாக்கெட்டில் உள்ள கோலிக்குண்டு எல்லாம் வெளியே. எடை தெரிந்த ஒரு படிக்கல்லைத் தினமும் காலையில் மெஷினில் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள்.

அளப்பவர் இருவர் என்றால், பைலட்டில் (முன்னோட்ட ஆய்வில்) 20 பிள்ளைகளை இருவரும் தனித்தனியே அளக்க வேண்டும். வித்தியாசங்களின் வர்க்கத்தைக் கூட்டி, 40-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் தொழில்நுட்ப அளவீட்டுப் பிழை. உயரத்தில் அது 0.5 செ.மீ.யைத் தாண்டினால் களத்துக்குப் போகாதீர்கள், மறுபடி பழகுங்கள். பாதி வேலையில் இன்னொரு சோதனை: உயரத்தின் கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆக இருப்பது ஐந்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பாதியளவு இருந்தால் யாரோ கண்ணால் உத்தேசிக்கிறார்.

இசட் ஸ்கோர் போட ஆந்த்ரோபிளஸ் மென்பொருள் இலவசம். வயதுக்கேற்ற எடை பத்து வயது வரைதான் அதில் உண்டு. அதனால் இந்த வயதினருக்கு வயதுக்கேற்ற உடல் நிறைக் குறியீட்டையே முதன்மையாக வையுங்கள்: –2-க்குக் கீழே மெலிவு, +1-க்கு மேல் அதிக எடை, +2-க்கு மேல் உடல் பருமன். உயரம் –6-க்குக் கீழோ +6-க்கு மேலோ, குறியீடு –5-க்குக் கீழோ +5-க்கு மேலோ வந்தால் நீக்குவதற்கு முன் அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது தேதிப் பிழை.

நேற்று என்ன சாப்பிட்டாய்?

24 மணி நேர நினைவுகூரல் என்பது கேள்வித்தாள் அல்ல, சமையலறை வேலை. அம்மாவிடம் மட்டும் கேட்டால் பள்ளியில் சாப்பிட்ட இரண்டு வேளையும் காணாமல் போகும். பிள்ளையிடம் மட்டும் கேட்டால் அளவு வராது. பள்ளிக்கு வெளியே வாங்கிய ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டும் தேன் மிட்டாயும் அம்மாவுக்குத் தெரியாது. எனவே பிள்ளை, அம்மா, சத்துணவு அமைப்பாளர் என மூன்று பேரிடமும் போக வேண்டும்.

பள்ளி உணவுக்குக் காகிதத்தில் உள்ள அளவை எழுதிவிடாதீர்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதியம் 100 கிராம் அரிசி என்பது ஒதுக்கீடு. தட்டில் விழுவது வேறு. அன்று எடுத்த அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறியை அடுப்பில் ஏறும் முன் எடை போட்டு, சாப்பிட்டவர் எண்ணிக்கையால் வகுங்கள். பரிமாறும் கரண்டியால் ஐந்து முறை எடுத்து நிறுத்துச் சராசரி பாருங்கள். தட்டில் மிச்சம் வைத்ததையும் பாருங்கள். காய் ஒதுக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. முட்டையைத் தங்கைக்கு எடுத்துப் போகும் பிள்ளைகளும் உண்டு, அதைத் தனியே கேட்டால்தான் சொல்வார்கள்.

வீட்டு உணவுக்கு அந்த வீட்டுக் கிண்ணத்திலேயே தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் உள்ளன. அரிசி, பருப்பு எல்லாம் சமைக்காத நிலையில்தான் அதில் இருக்கின்றன. 250 கிராம் சாதத்தை அப்படியே 250 கிராம் அரிசி என்று போட்டால் 875 கிலோ கலோரி வரும். உண்மையில் அது சுமார் 90 கிராம் அரிசி, 315 கிலோ கலோரி. "குழந்தைகள் தேவைக்கு மேல் சாப்பிடுகிறார்கள்" என்று ஒரு ஆய்வேடு சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இட்லிக்கு அந்த வீட்டில் அரிசி–உளுந்து என்ன விகிதம் என்று கேளுங்கள். நாலுக்கு ஒன்றா, ஆறுக்கு ஒன்றா என்பதில் புரதம் மாறும். எண்ணெயைக் கரண்டிக் கணக்கில் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்: நாலு பேருக்கு 3 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி.

கிழமையும் முக்கியம். திங்கட்கிழமை கேட்டால் ஞாயிறு கறிக்குழம்பு வரும், பள்ளி உணவு வராது. செவ்வாய் முதல் வெள்ளி வரை மட்டும் கேட்டால் விடுமுறை நாள் ஆய்விலேயே இல்லை. வாரநாளும் விடுமுறையும் 5:2 விகிதத்தில் வரும்படி அட்டவணை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளிடமாவது அடுத்தடுத்து இல்லாத இரண்டாவது நாளும் கேளுங்கள். ஒரே ஆள் நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறார் என்று தெரிந்தால்தான் வழக்கமான உட்கொள்ளலைக் கணிக்க முடியும்.

ஒப்பிடும்போது பரிந்துரைத்த அளவோடு ஒப்பிடாதீர்கள். அது 97.5 சதவீதம் பேருக்குப் போதுமான அளவு, அதற்குக் கீழே இருப்பது குறைபாடு ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2020 பரிந்துரைகளில் சராசரித் தேவை (பாதிப் பேருக்குப் போதுமான அளவு) தனியே இருக்கிறது. 7–9 வயதுக்குப் புரதம் பரிந்துரை 23 கிராம், சராசரித் தேவை 19 கிராம். 20 கிராம் சாப்பிடும் பிள்ளை ஒரு அட்டவணையில் குறைபாட்டுக் கணக்கில் விழும், இன்னொன்றில் விழாது. சரியானது இரண்டாவது.

ஹீமோகுளோபின் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சேர்க்காமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது. விரல் நுனியைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து மதிப்பு குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டலும் சிரை ரத்தத்தையே சிபாரிசு செய்கிறது. அதற்குப் பெற்றோர் ஒப்புதல் குறையும், மாதிரி அளவு கெடும். மீறி எடுத்தால் 5–11 வயதுக்கு எல்லை டெசிலிட்டருக்கு 11.5 கிராம், 8-க்குக் கீழ் கடும் சோகை. அந்தப் பிள்ளையை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் உணவின் இரும்பையும் ஹீமோகுளோபினையும் இணைத்துத் தொடர்பு தேடும் நோக்கத்தை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். ஒரு நாள் உணவு அந்தத் தனிப் பிள்ளையின் வழக்கத்தைக் காட்டாது. தொடர்பு இருந்தாலும் தெரியாது.

படிப்பை அளக்க வகுப்புத் தேர்வு மதிப்பெண் உதவாது. ஒவ்வொரு பள்ளியிலும் திருத்துபவர் வேறு. வருகைப் பதிவேடு ஓரளவு நம்பலாம். வாசிப்பை அளக்க எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை என்று படிப்படியாக ஏறும் ஒரே கருவியை, ஒரே ஆள், எல்லாப் பிள்ளைக்கும் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். பிள்ளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். அளவெடுப்புக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். எடை மெஷினைப் பார்த்தபின் எந்தப் பிள்ளையும் வாசிக்க உட்காராது.

வைவாவுக்குப் போகும்போது பைண்டு செய்த பிரதியோடு நிரப்பிய படிவங்கள் பத்தும், காலை எடைச் சோதனை நோட்டும், கிண்ண அளவுகள் எழுதிய தாளும் பையில் இருக்கட்டும். "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பக்க எண் தேடாமல் அதை எடுத்து மேசையில் வைக்கலாம்.