பேசும் கடிதங்கள்: கேசட்டிலிருந்து கணினிக்கு

அப்பத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த கேசட்டுகளில் பாதிக்கு மேல் கணினிக்கு வந்துவிட்டன. 1980களில் சித்தப்பா சவுதியில் இருந்தபோது வீட்டுக்குப் பேசி அனுப்பியவை சில. வீட்டிலிருந்து அவருக்குப் பேசி அனுப்பி, ஊர் திரும்பும்போது அவர் பத்திரமாகக் கொண்டுவந்தவை மற்றவை. பேசியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. சித்தப்பா, அப்பத்தா, அப்பா எல்லோரும் போய்விட்டார்கள். இதே மாதிரி கேசட்டுகள் உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கலாம். அதனால் இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் அன்று இது சாதாரணம். போன் பேசுவது பெரிய செலவு. எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடுப்பில் ஊருக்கு வருகிறவர் கையில் கேசட்டைக் கொடுத்துவிடுவார்கள், அவர் திரும்பும்போது இங்கிருந்து பதில் போகும். பல வீடுகளில் அதே கேசட்டின் மேலேயே பதிலைப் பதிந்துவிடுவார்கள், பழைய பேச்சு அழிந்துபோகும். சித்தப்பா அதற்கு மனம் வராமல் ஒவ்வொன்றையும் வைத்திருந்திருக்கிறார்.

முதலில் செய்ய வேண்டியது, கேசட்டின் பின் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்து எடுப்பது. அதற்கப்புறம் தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பதியாது. இதைச் செய்யாமல் எந்தக் கேசட்டையும் இயந்திரத்தில் போடாதீர்கள்.

பிளேயராக ரேடியோவும் கேசட் பிளேயரும் ஒன்றாக இருக்கும் எங்கள் வீட்டுப் பழைய டூ-இன்-ஒன்னைத்தான் எடுத்துக்கொண்டேன். ரப்பர் பெல்ட் இளகிப் பிசுபிசுவென்று இருந்தது. ரேடியோ ரிப்பேர் கடையில் புது பெல்ட் போட்டு, வேகத்தையும் சரிபார்த்துக் கொடுத்தார்கள். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குரல் வேறு ஆளுடையது ஆகிவிடும். நாடாவில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். சில கேசட்டுகளில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் திண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. உதவாத சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றின் திருகுகளைக் கழற்றி, அதிலிருந்த திண்டை எடுத்து மாட்டினேன்.

பெரிய மாற்றம் தந்தது ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகு. பதிந்த இயந்திரத்தின் ஹெட் சாய்வும் நம்முடையதும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். கேசட்டை ஓடவிட்டு அந்தத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். ‘ச’, ‘த’ போன்ற எழுத்துகள் கூர்மையாகக் கேட்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். சவுதியில் பதிந்ததற்கும் ஊரில் பதிந்ததற்கும் இந்த இடம் வேறு வேறு. அப்படித் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் அப்பத்தா “வெயில்ல துண்டப் போட்டுக்க ராசா” என்று சொன்னது பளிச்சென்று கேட்டது. நான் அதோடு அன்றைய வேலையை நிறுத்திவிட்டேன்.

பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ கருவி வழியாக மடிக்கணினிக்கு இணைத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிகிறேன். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்தால் சி-60 கேசட் (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) ஒன்று, சுருக்காத வேவ் கோப்பாக ஏறக்குறைய 635 எம்பி வருகிறது. அதுதான் மூலம். வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்ப மட்டும் எம்பி3. மூலத்துக்கு இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் தம்பி வீட்டில்.

சில இடங்களில் அப்பத்தா பேசத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று விநாடி முன்பே அவர் குரல் மிக மெலிதாகக் கேட்கிறது. பல வருடம் சுற்றியே கிடந்ததால் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்வதால் வருவது அது. ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றினால் கொஞ்சம் குறையும். நான் அப்படியே விட்டுவிட்டேன்.

இரைச்சல் நீக்கும் வசதியையும் மூலக் கோப்பில் தொடவில்லை. போட்டுப் பார்த்தேன், குரல் சுத்தமானது. ஆனால் பின்னால் கேட்ட ஆட்டுக்கல் சத்தம், “நானும் பேசணும்” என்று இழுக்கும் குழந்தை, அப்பாவின் இருமல் எல்லாம் மங்கிப்போயின. சித்தப்பா அங்கே அறையில் உட்கார்ந்து கேட்டது அந்தச் சத்தங்களோடு சேர்ந்த வீட்டைத்தான். அவை இல்லாமல் எனக்கு இந்தப் பதிவே வேண்டாம்.

இதில் அவசரம் ஒன்றே ஒன்று: யார் பேசுகிறார்கள் என்று எழுதி வைப்பது. நாடா இன்னும் சில வருடம் தாங்கும். குரலை அடையாளம் சொல்லக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் இப்போது அத்தை ஒருவர்தான். ஞாயிறு மதியங்களில் அவரோடு உட்காருகிறேன். “இது கீழ வீட்டு அக்கா. அவ மகனுக்குப் பொண்ணு பாத்த சமயம்” என்கிறார். அதை நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்கிறேன். அத்தைக்குக் கேட்டவுடன் தெரிகிறது. அவருக்கும் பிடிபடாத குரல்கள் சில உண்டு. அவற்றுக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது.

சித்தி கேட்க விரும்பவில்லை. “குரல் வேணாம்யா, என்ன சொல்லிருக்காருன்னு மட்டும் சொல்லு” என்றார். சித்தப்பா பேசியதை அவர் பேசிய மாதிரியே எழுதி, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பதாகத் தங்கை சொன்னாள். ஆசையாகச் செய்கிறோம் என்பதற்காக யார் காதிலும் இதைப் போடக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

ஒரு கேசட்டின் கடைசியில் சித்தப்பாவின் அறைத் தோழர் பேசுகிறார். திருவாரூர்ப் பக்கத்துக்காரர். “அம்மா, உங்க மவன நான் பாத்துக்கிறேன், கவலப்படாதீங்க” என்று ஆரம்பித்து ஒரு பழைய பாட்டையும் பாடுகிறார். அவரும் காலமாகிவிட்டார். சித்தப்பாவின் முகவரி நோட்டை வைத்து விசாரித்து அவர் மகனைப் பிடித்தேன். அப்பா இறந்தபோது அவருக்குச் சின்ன வயது, வீட்டில் ஒரு போட்டோ மட்டும் உண்டு, குரல் எதுவும் இல்லை. கோப்பை அனுப்பினேன். மறுநாள் அவர் அனுப்பிய பதில்: “பாட்டு முழுசா இருக்காண்ணே?”

முழுசாக இல்லை, பக்கம் தீர்ந்துவிடுகிறது. மறுபக்கத்தில் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கேசட்டின் நாடாச் சுற்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருப்பதை ஒரு பக்கம் ஓட்டிய பிறகுதான் கவனித்தேன். இனியும் அதை அப்படியே ஓட்டினால் ஹெட்டும் கெடும், நாடாவும் உரியும். பூஞ்சை பிடித்த மற்றவற்றோடு அதையும் தனி டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைத்திருக்கிறேன். முகமூடி போட்டுக்கொண்டு கையால் மெதுவாகச் சுற்றி, நாடாவைத் துடைத்து எடுக்கும் வேலை அடுத்தது. அதற்கு முன் பாட்டுக் கேசட்டுகளில் பூஞ்சை பிடித்ததாக ஒன்றைத் தேடி, அதில் பழகிக்கொள்ளப் போகிறேன்.