விற்பதா, வைத்துக்கொள்வதா: 1972 எம்.ஜி.பி. ஜி.டி.யின் தகட்டைத் திறந்து பார்த்த அனுபவம்

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1972-இல் உருவான எம்.ஜி.பி. ஜி.டி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை நிறுத்தி வைக்கும் கராஜின் வாடகை ஒப்பந்தம் முடியும் தறுவாயில், வண்டியை விற்றுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. இத்தகைய கேள்விக்கு ஆசையை மட்டும் வைத்தோ, சந்தை விலையை மட்டும் பார்த்தோ விடை சொல்லக்கூடாது என்று கருதியதால், முதலில் வண்டியின் உண்மையான நிலையை அறிந்துகொண்டு, பிறகு முடிவெடுப்பது என்று தீர்மானித்தேன். பார்த்ததையும் செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாடலை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை உற்பத்தியானது; திறந்தகூரை, மூடுகூரை ஆகிய இரண்டு வடிவங்களும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனத்தின் பங்களிப்போடு வடிவமைக்கப்பட்ட, பின்கதவு கொண்ட மூடுகூரை வடிவமாகிய ஜி.டி. 1965-இல் வந்தது. இத்தனை வண்டிகள் உருவானதால் உதிரிபாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. விலை பெரிதாக ஏறாமல் இருப்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

எஞ்சினில் தொடங்கினேன். 1798 சி.சி. கொள்ளளவுள்ள அந்த பி-சீரீஸ் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் அளந்ததில், நான்கு சிலிண்டர்களும் சதுர அங்குலத்துக்கு 150 முதல் 160 பவுண்டுவரை காட்டின. அளவு உயரமாக இருப்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதே முக்கியம். சூடான நிலையில் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதே அளவையில் 50-க்குக் கீழே இறங்கவில்லை. இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களின் மேல்மூடியில் உள்ள எண்ணெயை நிரப்பி, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்குமாறு சரிசெய்ததும் ஐட்லிங் சீரானது. பெட்ரோலைப் பொறுத்தவரை, 2021 செப்டம்பரில் பிரிட்டனில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பொதுவழக்கானதிலிருந்து, எத்தனால் குறைவாக உள்ள சூப்பர் ரகத்தையே ஊற்றி வருகிறேன். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் இளக்கிவிடும் என்பதால் அவற்றையும் மாற்றிவிட்டேன். எஞ்சின் பக்கத்திலிருந்து விற்கவேண்டிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

உண்மையான கேள்வி தகட்டில் இருந்தது. இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, உடற்கூடே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே, முன்சக்கர வளைவிலிருந்து பின்சக்கர வளைவுவரை ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் சில் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத்தகடு, அடியில் கேசில் ரயில் எனப்படும் தடித்த விளிம்பு ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் பிணைத்து நிற்கின்றன. முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சேற்றுத்தடுப்பின் ரப்பர் பட்டை கெட்டுப்போகும்போது, சக்கரம் வாரியடிக்கும் சேறும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் உள்ளே புகுந்து, சில்லின் முன்முனையில் ஈரமாகவே தங்கிவிடுகின்றன. துரு அங்கிருந்து உள்ளுக்குள்ளே பரவுகிறது. வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது வழக்கம். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். என் வண்டியில் இருபுறமும் காந்தம் நன்றாகவே ஒட்டியது. ஆனால் அதை நம்பி நின்றுவிடக்கூடாது. அரித்துப்போன பழைய சில்லின் மேலேயே புதிய தகட்டைப் போர்த்தி வெல்டிங் செய்யும் வழக்கம் முன்னர் பரவலாக இருந்தது, அந்தப் போர்வையிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும். சில் வலுவிழந்திருந்தால் உடற்கூடு வளையும். ஆகவே, ஜாக்கியால் ஒருபக்கத்தைத் தூக்கும்போது கதவுக்கும் பின்தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறைகிறதா என்று பார்த்தேன். வலப்புறம் அசைவில்லை. இடப்புறம் மேல்பக்க இடைவெளி கண்ணுக்குத் தெரியுமளவு நெருங்கியது.

அடுத்து, சேற்றுத்தடுப்பைக் கழற்றி, செல்பேசியோடு இணையும் மெல்லிய குழாய்க் கேமராவைச் சில்லின் உள்ளே செலுத்தினேன். வலப்புறத்தில் மேலோட்டமான துரு மட்டுமே. தடுப்புத்தகடு அடிவரை முழுமையாக இருந்தது. இடப்புறத்தில், நான் அஞ்சியபடியே, வெளித்தகடு இரட்டையாக இருந்தது; அதன் பின்னால் பழைய தகடு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது; கேசில் ரயிலின் முன்பகுதி திருப்புளியால் குத்தியதும் உள்வாங்கியது. முந்தைய உரிமையாளர்களில் யாரோ எப்போதோ செய்த மறைப்பு அது. உயிரோடு விளையாடும் இத்தகைய வேலையை எந்த நிலையிலும் ஏற்கமுடியாது என்பதே என் உறுதியான கருத்து.

இதன் பிறகுதான் கணக்குப் பார்க்க முடிந்தது. ஓடும் நிலையில், சுமாரான தோற்றத்துடன் உள்ள ஜி.டி. பெரும்பாலும் பத்தாயிரம் பவுண்டுக்குள் கைமாறுகிறது. ஒரு பக்கச் சில்லை முறையாக அறுத்தெடுத்துப் புதிதாகப் பொருத்துவதில் தகட்டின் விலை சிறிது, கூலியே பெரிது. அந்தச் செலவைச் செய்துவிட்டு விற்றால், வாங்குபவர் அதில் ஒரு பகுதியைக்கூட விலையில் சேர்த்துத் தரமாட்டார். ஏனெனில் சில் நன்றாக இருக்கவேண்டும் என்பது அவருடைய அடிப்படை எதிர்பார்ப்பு. விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக்கொண்டே முழு உடற்கூட்டைப் புதிதாகச் செய்து தருகிறது என்றாலும், அந்தக் கூட்டின் விலை மட்டுமே இத்தகைய வண்டியின் விலையைத் தாண்டிவிடும். ஆக, சரிசெய்து விற்பது என்ற வழி பணக்கணக்கில் மிக மோசமானது. மிஞ்சியவை இரண்டு: குறையை வெளிப்படையாகச் சொல்லி இருக்கும் நிலையிலேயே விற்பது, அல்லது சரிசெய்து வைத்துக்கொள்வது. ஆண்டுச் செலவு முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. நாற்பது வயதைக் கடந்த வண்டிக்கு இங்கே சாலைவரி இல்லை, காப்பீடும் குறைவு, கராஜ் வாடகைதான் பாரம்.

நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். வலப்புறம் திடமாக இருந்ததும், எஞ்சின் ஆரோக்கியமாக இருந்ததும் அதற்குக் காரணங்கள். இரண்டு சில்லுகளும் போயிருந்தால், என் விருப்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் குறைந்த விலைக்கே கொடுத்திருப்பேன். இன்னொரு காரணத்தையும் மறைக்க விரும்பவில்லை. மலைப்பாங்கான கிராமச் சாலைகளில் மூன்றாவது கியரில் இந்த வண்டி செல்லும் விதத்தை நான் நேசிக்கிறேன். ஆண்டு முழுவதும் அதை ஓட்டுகிறேன். ஓட்டாமல் போர்த்தி வைப்பவனாக இருந்திருந்தால், ஓட்டுகிற ஒருவரிடம் அது போய்ச் சேர்வதே நியாயம் என்று நினைத்திருப்பேன்.

இடப்புற வேலையை அனுபவமுள்ள ஒரு வெல்டரிடம் கொடுத்தேன். தகட்டை அறுக்கும் முன்னர், கதவு நிலையின் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்றவைத்து உடற்கூடு தொய்யாமல் கட்டினார். கதவைப் பலமுறை மாட்டிப் பார்த்து இடைவெளி சரியாக இருந்த பிறகே இறுதி வெல்டிங் செய்தார். இந்த இரண்டும் இல்லாமல் சில் மாற்றினால் கதவு பிறகு ஒருபோதும் சரியாக மூடாது. வேலை முடிந்ததும் உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பைப் பீய்ச்சி, நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருப்பதை உறுதிசெய்தோம்.

இந்த வயதுள்ள, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்தர வாகனத் தகுதிப் பரிசோதனை 2018 மே மாதத்திலிருந்து கட்டாயமில்லை. இருந்தும் நானே கேட்டுச் செய்துகொண்டேன்; தேர்ச்சி பெற்றது. வேலையின் படங்களையும் ரசீதுகளையும் அனுப்பிக் காப்பீட்டில், வண்டி முற்றிலும் அழிந்தால் தருவதாக ஒப்புக்கொண்ட மதிப்பைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். கராஜ் ஒப்பந்தம் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டுள்ளது. பின்னிருக்கைக்கு அடியில் உள்ள இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளின் தொட்டிகளைச் சுரண்டிப் பார்ப்பது அடுத்த வேலை. குளிர்காலம் முடிந்ததும் வலப்புறச் சில்லுக்குள் மீண்டும் கேமராவைச் செலுத்துவேன். தடுப்புத்தகட்டில் துரு ஊடுருவியிருப்பது தெரிந்தால், விற்பனைக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்.