மேடையில் பேசாமல் நின்ற இருபது நிமிடங்கள்

நான் நடித்த முதல் நாடகத்தில் எனக்கு மொத்தமே மூன்று வசனம்தான். ஆனால் இரண்டாவது காட்சி முழுக்க, ஏறக்குறைய இருபது நிமிடம், மேடையிலேயே நிற்க வேண்டும். அண்ணனும் தங்கையும் சொத்துக்காகச் சண்டை போடுவார்கள், குடும்ப நண்பரான நான் ஓரமாக நின்று கடைசியில் ஒரு வரி சொல்ல வேண்டும். சுலபம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது ஒத்திகை முடிந்ததும் இயக்குநர் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க ரெண்டு பேரும் பேசும்போது நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். என் வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். "அது கடைசி வரிசை வரைக்கும் தெரியுது" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அது ரொம்ப நாள் என்னை விடவில்லை, ஏனென்றால் நான் மேடையில் மட்டும் அப்படி இல்லை. அலுவலகம், நண்பர்கள், வீடு, எங்கே போனாலும் எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் என் பதில் தயாராகிவிடும். அவர் சொன்னதில் பாதி காதில் ஏறியிருக்காது.

அப்புறம் இயக்குநர் ஒரு பயிற்சி கொடுத்தார். நியூயார்க்கில் பல பத்தாண்டுகள் நடிப்பு சொல்லிக்கொடுத்த சான்ஃபோர்ட் மைஸ்னர் உருவாக்கியது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். கண்ணில் படுவதை ஒருவர் சொல்வார், "உன் சட்டை நீலமா இருக்கு" என்பது போல. மற்றவர் "என் சட்டை நீலமா இருக்கு" என்பார். இதையே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் சிரிப்பு வரும், பிறகு சலிப்பு வரும், அதையும் தாண்டிய பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. வார்த்தை அதேதான், ஆனால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல் வருகிறது, அது என் குரலிலும் ஏறுகிறது, திடீரென்று அவர் முகம் தளர்கிறது, எனக்கும் ஏனோ தொண்டை அடைக்கிறது. அடுத்து என்ன சொல்வது என்ற யோசனைக்கே வேலை இல்லாததால் மொத்தக் கவனமும் அந்த முகத்துக்குப் போய்விடுகிறது.

அரங்கேற்றத்துக்கு அடுத்த நாள் தங்கையாக நடித்தவருக்கு நடுவில் வசனம் மறந்துபோனது. பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தது அவர் காதில் விழவில்லை. பழைய ஆளாக இருந்திருந்தால் நானும் என் வரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருப்பேன். ஆனால் அன்று நான் அந்தச் சண்டையை நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா கடைசியா என்ன சொன்னார்னு அண்ணன்கிட்ட சொன்னியாம்மா?" என்று வாயில் வந்ததைக் கேட்டேன். பிரதியில் இல்லாத வரி. அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது, அங்கிருந்து பிடித்துக்கொண்டார். நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறையில் என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த கைதட்டல்களை எல்லாம்விட அதுதான் பெரிது.

நாடகத்தில் நடித்தால் கூச்சம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை, இன்றும் திரை விலகும்முன் கை சில்லிட்டுவிடும். போனது வேறொன்று. 1898இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, 'இந்த நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?' என்று நடிகர் தன்னையே கேட்டுப் பார்க்கச் சொல்வார். பெற்ற தாயைப் பல வருடம் எட்டிப் பார்க்காத ஒருவனாக நடிக்க வேண்டி வந்தபோது, ஆறு வாரம் அந்தக் கேள்வியோடு திரிந்தேன். அவன் செய்தது சரி என்று கடைசிவரை தோன்றவில்லை. ஆனால் அவனை வெறுக்க முடியாமல் போனது.

போன மாதம் அக்கா போன் செய்து வேலையில் நடந்த ஏதோ பிரச்சினையைச் சொன்னாள். வழக்கமாக இரண்டாவது நிமிடமே யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. பேசிக்கொண்டே போனவள் நடுவில் நிறுத்தி, "லைன்ல இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்க்கா, சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான், எதைச் சொல்ல போன் செய்தாளோ அதைச் சொல்ல ஆரம்பித்தாள்.